ஐம்பது மணி நேர ஆயுள்

அந்தப் பல்பு உள்ளங்கையில் அடங்கிவிடும். முன்பக்கம் வாய் திறந்த கண்ணாடிக் கிண்ணம். விளிம்புக்கு விளிம்பு 50 மில்லிமீட்டர். கிண்ணத்தின் நடுவில் சுண்டுவிரல் நுனியளவு குவார்ட்ஸ் குப்பி, அதற்குள் நெருக்கமாகச் சுருட்டிய கம்பி. பின்னால் பீங்கான் கட்டி, அதிலிருந்து நீளும் இரண்டு கால்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் குப்பியின் ஒரு பக்கம் பால் தெளித்தாற்போல வெளுத்திருப்பது தெரியும். கம்பி ஓரிடத்தில் அறுந்து, அறுந்த நுனி உருகி ஊசிமுனையளவு உருண்டையாக நிற்பதும் தெரியும்.

1986-ல் ஃப்யூஸ் போன பல்பு இது. அம்மா இதைத் தூக்கிப் போடவில்லை. வந்த அட்டைப்பெட்டியிலேயே திரும்ப வைத்து, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் செருகிவிட்டாள். "இதைக் காட்டித்தானே புதுசு வாங்கணும்" என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கு எவ்வளவு சரி என்பது எனக்குப் புரிய நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்தது.

1978-ல் மாமா குவைத்திலிருந்து கும்பகோணத்துக்கு வந்தபோது டிரான்சிஸ்டரோடும் டெரிகாட்டன் துணியோடும் ஒரு சூப்பர் 8 கேமராவும் யூமிக் புரொஜெக்டரும் கொண்டுவந்தார். இரண்டு மாத விடுப்பில் 14 ரீல் எடுத்தார். ஒரு ரீல் 50 அடி. சூப்பர் 8-ல் அடிக்கு 72 சட்டகம், நொடிக்கு 18 ஓடும். ஆக ஒரு ரீல் 3 நிமிடம் 20 நொடி. பதினான்கும் சேர்த்து 46 நிமிடம் 40 நொடி. இந்த முக்கால் மணி நேரத்துக்குள்தான் என் பாட்டி நடக்கிறாள், முற்றத்தில் வடகம் காயப்போடுகிறாள், கேமராவைப் பார்த்து வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடுகிறாள். பாட்டி அசைந்து நான் பார்க்கக்கூடிய இடம் உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

வீட்டுப்படத்துக்கு நெகட்டிவ் கிடையாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஸ்டூடியோவில் எடுத்த கல்யாணப் படம் கிழிந்துபோனால் நெகட்டிவிலிருந்து இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். மாமா எடுத்த கோடாக்ரோம் ஃபிலிம் ரிவர்சல் வகை. கேமராவுக்குள் எந்த ஃபிலிம் ஓடியதோ, அதையேதான் கழுவி, அதையேதான் திரையில் ஓட்டுகிறோம். அன்று பாட்டியின் முகத்தில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் எந்த நாடாவில் பதிந்ததோ, அந்த நாடா மீதே நாம் பல்பைக் கொளுத்துகிறோம். பல்பு தேர்ந்தெடுப்பதை நான் இவ்வளவு பெரிய விஷயமாக நினைப்பதற்குக் காரணம் இதுதான்.

பல்பு பிறந்த கதையைக் கம்பியிலிருந்து தொடங்கவேண்டும். டங்ஸ்டன் என்ற சொல் 2024 கடைசியில் மேலூர்ப் பக்கத்துத் தெருவெல்லாம் ஒலித்தது. அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி ஊர்க்காரர்கள் தங்கள் மலையையும் சுனைகளையும் காக்கத் திரண்டு நின்று, 2025 ஜனவரியில் அங்கே அறிவித்த டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை ரத்து செய்ய வைத்தார்கள். உலகம் அந்த உலோகத்தை விடாமல் தேடுவதற்குக் காரணங்களில் ஒன்று அது தாங்கும் சூடு. உலோகங்களிலேயே கடைசியாக உருகுவது டங்ஸ்டன்தான். 3,422 டிகிரி செல்சியஸ். கெல்வினில் 3,695. நம் வீட்டுக் குண்டு பல்பின் கம்பி சுமார் 2,700 கெல்வினில் எரிந்து ஆயிரம் மணி நேரம் உழைத்தது. புரொஜெக்டர் பல்பின் கம்பியோ 3,300, 3,400 கெல்வினில் எரிகிறது. உருகிப்போக இன்னும் முந்நூறு, நானூறு டிகிரிதான் மிச்சம். அப்படி விளிம்பில் நின்று எரிவதால்தான் அத்தனை வெள்ளையான வெளிச்சம். அதனால்தான் ஆயுள் வெறும் 50 மணி நேரம். இ.எஃப்.பி. என்ற மூன்றெழுத்துப் பெயர் கொண்ட எங்கள் பல்புக்குத் தயாரிப்பாளர்களே போட்டிருக்கும் கணக்கு இது. மாமாவின் 14 ரீலையும் முதலிலிருந்து கடைசிவரை அறுபத்து நான்கு தடவை ஓட்டினால் ஒரு பல்பின் ஆயுள் தீர்ந்தது.

வீட்டு சினிமா தொடங்கியபோது இந்த வெளிச்சம் இல்லை. 1922-ல் பிரான்சில் பாத்தே நிறுவனம் 9.5 மி.மீ. ஃபிலிமோடு பாத்தே பேபி என்ற கைப்பிடி சுற்றும் கருவியைக் கொண்டுவந்தது. ஃபிலிம் ஓரத்தில் ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டு வரும்போது எழுத்து உள்ள சட்டகம் சில நொடி அப்படியே நிற்கும், படிக்கலாம், பிறகு நகரும். ஃபிலிமை மிச்சம் பிடிக்க அவர்கள் கண்ட வழி. அப்படி நிறுத்த முடிந்ததென்றால் பல்பு அத்தனை சின்னது, நின்றாலும் கருகாது என்று அர்த்தம். அடுத்த வருஷமே, 1923-ல், கோடாக் 16 மி.மீ. கொண்டுவந்தது. தியேட்டர்களில் ஓடிய 35 மி.மீ. நைட்ரேட் ஃபிலிம் தீப்பிடிப்பது. அதை யாராவது இரண்டாகக் கிழித்து வீட்டுக் கருவியில் போட்டுவிட்டால் வீடே எரியும். பாதியாகக் கிழித்தால் 17.5 வரும். அதனால் 16 என்று வைத்து, அசிடேட் ஃபிலிம் மட்டுமே அந்த அகலத்தில் விற்றார்கள். இந்த ஒரு முடிவுக்காக அந்த நாள் பொறியாளர்களை நான் கும்பிடுவேன். தீப்பிடிக்காத ஃபிலிம் வந்த பிறகுதான் வீட்டுக் கூடத்தில் பெரிய பல்பைத் துணிந்து ஏற்ற முடிந்தது.

ஏற்றினார்கள். 1932-ல் 8 மி.மீ. வந்தபின் சட்டகம் இன்னும் சுருங்கிற்று, அதைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்க 500 வாட், 750 வாட் என்று அமெரிக்க வீடுகளில் பல்புகள் வீங்கின. அவை நேராக 120 வோல்ட் மின்சாரத்தில் எரிபவை. அங்கேதான் சிக்கல். 120 வோல்ட்டைத் தாங்க இழை நீளமாகவும் மெல்லியதாகவும் இருக்கவேண்டும். நீள இழை இடத்தை அடைத்துக்கொள்ளும். பரந்து கிடக்கும் இழையின் வெளிச்சத்தை ஒரு பட்டாணியளவுச் சட்டகத்துக்குள் திணிக்க முடியாது. பெரும்பகுதி வெறும் சூடாகப் பெட்டிக்குள்ளேயே சுற்றிற்று.

இதற்கு மாற்று வழியை வியன்னாவில் 1919-ல் தொடங்கிய யூமிக் நிறுவனம் 1950-களில் வீடுகளுக்குள் கொண்டுபோனது. அவர்களுடைய பி8 புரொஜெக்டரில் 12 வோல்ட், 100 வாட் பல்பு. பெட்டிக்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டைக் குறைத்துவிட்டார்கள். அப்போது மின்னோட்டம் எட்டு ஆம்பியருக்கு மேல் போகிறது. அதைச் சுமக்க இழை தடியாகவும் குட்டையாகவும் ஆகிறது. தடித்த இழை கூடுதல் சூட்டைத் தாங்கும். குட்டை இழையின் வெளிச்சம் ஓரிடத்தில் குவியும். வாட் குறைந்து வெளிச்சம் கூடிய மாயம் இதுதான். 12 வோல்ட், 100 வாட் என்ற அந்த இரண்டு எண்களும் பிறகு எத்தனையோ கருவிகளைக் கடந்து வந்து என் அம்மாவின் பீரோவில் உட்கார்ந்தன.

இடையில் பல்பு இரண்டு தடவை உருமாறியது. 1959-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் எல்மர் ஃப்ரிட்ரிச், எம்மெட் வைலி இருவருக்கும் ஹாலஜன் விளக்கின் காப்புரிமை கிடைத்தது. சாதாரண பல்பில் இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன் கண்ணாடியில் கரியாகப் படியும், பல்பு மங்கும். குப்பிக்குள் கொஞ்சம் அயோடின் அல்லது புரோமின் சேர்த்துவிட்டால் அது படியவந்த டங்ஸ்டனைப் பிடித்துக்கொண்டு மறுபடி இழைக்கே கொண்டுபோய் விடுகிறது. இதற்குக் குப்பியின் சுவர் 250 டிகிரிக்கு மேல் கொதிக்க வேண்டும். அதனால்தான் குப்பி அத்தனை சின்னது, அதனால்தான் கண்ணாடிக்குப் பதில் குவார்ட்ஸ். ஆனால் திரும்பி வரும் டங்ஸ்டன், போன இடத்துக்கே திரும்புவதில்லை. இழையில் எந்த இடம் அதிகச் சூட்டில் மெலிந்ததோ அதை விட்டுவிட்டு, கொஞ்சம் குளிர்ந்த இடத்தில் போய் உட்காருகிறது. மெலிந்த இடம் மேலும் மெலிகிறது. பூதக்கண்ணாடியில் நான் பார்த்த உருண்டை நுனி அப்படி மெலிந்து அறுந்த இடம்.

இரண்டாவது மாற்றம் அந்தக் கண்ணாடிக் கிண்ணம். உள்பக்கம் மிக மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது முன்னால் திருப்பும். அகச்சிவப்புச் சூட்டில் பெரும்பகுதியைப் பின்பக்கமாக வெளியே விட்டுவிடும். ஃபிலிமுக்கு வெளிச்சம், ஃபேனுக்குச் சூடு என்று பாகம் பிரித்துக் கொடுக்கிற வேலை. கிண்ணத்தின் வளைவும் கண்டபடி வைத்ததல்ல. நீள்வட்டத்துக்கு இரண்டு குவியம் என்று பள்ளியில் படித்தோமே, இங்கே ஒரு குவியத்தில் இழை, இன்னொரு குவியத்தில் ஃபிலிம் வந்து நிற்கும் சாளரம். அந்தச் சாளரம் ஐந்தரை மி.மீ. அகலம், நான்கு மி.மீ. உயரம். 100 வாட் பல்பின் வெளிச்சம் முழுக்க அந்தத் துளைக்குள் இறங்குகிறது. ஒவ்வொரு சட்டகமும் அங்கே நிற்பது நொடியில் பதினெட்டில் ஒரு பங்கு. அதற்குள் நகர்ந்துவிட்டால் பிழைத்தது.

எங்கள் வீட்டில் ஒரு சட்டகம் நகரவில்லை. 1980 பொங்கலன்று, ஃபிலிமில் ஒட்டுப்போட்ட இடம் ஒன்று கருவியின் பல்லில் சிக்கிக்கொண்டது. பாட்டி முந்தானையால் வாயை மூடும் காட்சி. திரையில் அவள் நெற்றியில் ஒரு பழுப்புப் புள்ளி தோன்றியது, அது கொதித்துக் குமிழி விட்டது, குமிழி நடுவே வெள்ளையாகக் கிழிந்தது. நிஜப் பாட்டி பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயையோ, சுட்டுடுத்தே" என்று தன் நெற்றியையே தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஸ்விட்சை அணைக்க எனக்கு இரண்டு நொடிதான் ஆகியிருக்கும்.

அந்தப் பல்பும் சீக்கிரமே போயிற்று. பெட்டியில் கூட வந்த உபரிப் பல்பைப் போட்டோம், அதுதான் 1986-ல் போனது. இரண்டும் ஐம்பது மணி நேரத்தில் பாதிகூட எரியவில்லை. காரணம் சென்ற ஆண்டுதான் தெரிந்தது. கருவியில் மின்சார வோல்ட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு திருகு இருக்கிறது. யாரோ அதை 220-ல் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் மீட்டர் வைத்துப் பார்த்தால் சாயந்திரம் 240 காட்டுகிறது. ஒன்பது சதவீதம் அதிகம்தானே என்று தோன்றும். டங்ஸ்டன் பல்பின் ஆயுள் வோல்ட்டோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை, பன்னிரண்டாம் அடுக்கில் சரிகிறது. ஒன்பது சதவீதம் ஏறினால் ஆயுள் மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஐந்து சதவீதம் குறைத்தாலோ ஏறக்குறைய இரட்டிப்பாகும். வெளிச்சத்தில் இழப்பு பதினாறு சதவீதம் மட்டும். பழைய புரொஜெக்டர் வைத்திருப்பவர்கள் புதுப் பல்பு வாங்கும் முன் பார்க்கவேண்டிய முதல் இடம் கடையல்ல, இந்தத் திருகு. 240 இருந்தால் 240-ல் வையுங்கள்.

1986-க்குப் பிறகு கருவி பரணுக்குப் போனது. வியன்னாவிலும் அப்போது கதை முடிந்திருந்தது. 1970-களில் உலகிலேயே அதிகப் புரொஜெக்டர் செய்த யூமிக், போலராய்டுக்காக 1977-ல் வந்த போலாவிஷன் என்ற உடனடிப் படக் கருவியைச் செய்து கொடுத்தது. அது விலைபோகவில்லை, வீடியோ வந்துவிட்டது, 1982-ல் யூமிக் திவாலானது. கோடாக்ரோமைக் கடைசியாகக் கழுவிய கான்சாஸ் மாநிலக் கூடம் 2010 டிசம்பர் 30-ம் தேதியோடு ரீல் வாங்குவதை நிறுத்தியது. கேமரா போயிற்று, ஃபிலிம் போயிற்று, புரொஜெக்டர் போயிற்று. பல்பு மட்டும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று தேடிப் போனதில்தான் இந்தக் கதையின் நல்ல பகுதி எனக்குக் கிடைத்தது.

சென்ற ஆண்டு அம்மாவுக்கு எண்பது. பழைய ரீல் பார்க்கவேண்டும் என்றாள். பீரோவிலிருந்து அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு சென்னையில் முதலில் ரிச்சி தெருவுக்குத்தான் போனேன். நகைக்கடைக் கூரையில் பதிக்கிற ஹாலஜன் பல்பை எடுத்துக் கொடுத்தார்கள். அதே 50 மி.மீ. கிண்ணம், அதே 12 வோல்ட். ஆனால் கால்களின் இடைவெளி 5.3 மி.மீ.; என்னுடையது 6.35. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண் கவனிக்காது, பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். காலை வளைத்துச் செருகிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். வளைத்தாலும் உதவாது. கூரைப் பல்பின் கிண்ணம் வெளிச்சத்தை வளையல் பெட்டிமேல் பரப்புவதற்காக வளைந்தது. நமக்கு வேண்டியது பட்டாணியளவு இடத்தில் குவிப்பது. என் சித்தப்பா மகன் ஒருமுறை அப்படிப் போட்டுப் பார்த்திருக்கிறான். நடுவில் மஞ்சள் குளம், மூலையெல்லாம் இருட்டு.

அங்கிருந்த ஒரு பெரியவர் பழைய பல்பை வாங்கி, விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு இங்க வராதீங்க. ஆஸ்பத்திரி சாமான் விக்கிற இடத்துக்குப் போங்க" என்றார். பூங்கா நகரில், அரசு பொது மருத்துவமனைக்கு எட்டும் தூரத்தில் உள்ள தெருக்களில் கத்தரியும் கட்டிலும் நுண்ணோக்கியும் விற்கிற கடைகள் இருக்கின்றன. அதில் ஒன்றில் ஏறினேன்.

"எந்த மெஷினுக்கு சார்?"

"புரொஜெக்டர்."

"அது நம்மகிட்ட இல்ல."

பெட்டியைத் திறந்து காட்டினேன். பெயரைக் கேட்டு இல்லையென்றவர் பொருளைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "இது மைக்ராஸ்கோப் பல்பு சார்."

அந்த மூன்றெழுத்தின் பெருமையை அங்கேதான் உணர்ந்தேன். இ.எஃப்.பி. என்பதற்கு விரிவாக்கம் எதுவும் கிடையாது. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு படப்பல்புகளுக்கு வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போன பெயர், அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்றெழுத்து ஒட்டிய பல்பு எந்த நாட்டில், எந்தக் கம்பெனி செய்திருந்தாலும் வோல்ட், வாட், கால், கிண்ணம், குவியத் தூரம் எல்லாம் ஒன்றுபோல இருக்கவேண்டும். பிரிட்டனில் இதையே ஏ1/231 என்பார்கள். ஓஸ்ராம் தன் பட்டியலில் 64627 என்று போடும். கருவிக்கு ஆயிரம் பெயர். பல்புக்கு இந்த மூன்று பெயர் போதும். மேடையில் கல்யாணி பாடினாலும் நாதஸ்வரத்தில் ஊதினாலும் கல்யாணிதான் என்பதுபோல, வியன்னா புரொஜெக்டரில் எரிந்தாலும் ஆய்வகத்து நுண்ணோக்கியில் எரிந்தாலும் அது இ.எஃப்.பி.தான். அம்மா பழசை வைத்திருந்ததால் எனக்கு அந்த எழுத்துகள் கையில் இருந்தன. இல்லையென்றால் "யூமிக் பல்பு" என்று சொல்லிக்கொண்டு தெருத்தெருவாகத் திரிந்திருப்பேன்.

வீட்டு சினிமா செத்தபின் இந்தப் பல்புக் குடும்பத்தைக் காப்பாற்றியது மருத்துவம். சின்ன இடத்தில் நிறைய வெளிச்சம் என்பது சூப்பர் 8 சட்டகத்துக்கு மட்டுமா தேவை? ஒளியிழைக் கற்றையின் முனையும் கிட்டத்தட்ட அதே அளவு. 12 வோல்ட் 100 வாட் நுண்ணோக்கிக்கும் ஒளியிழைப் பெட்டிக்கும் போனது. அதன் தம்பி இ.எஃப்.என்., 12 வோல்ட் 75 வாட், பல் அடைப்பை நீல வெளிச்சத்தால் இறுகவைக்கும் கருவிக்குப் போனது. அண்ணன் இ.எஃப்.ஆர்., 15 வோல்ட் 150 வாட், வயிற்றுக்குள் பார்க்கும் எண்டோஸ்கோப்பின் ஒளிப்பெட்டிக்குப் போனது. பாட்டியின் முகத்தைச் சுவரில் காட்டிய அதே குடும்பத்துப் பல்பு, அவள் கடைசிக் காலத்தில் குடல்புண் என்று மருத்துவமனையில் கிடந்தபோது அவள் வயிற்றுக்குள்ளும் வெளிச்சம் காட்டியிருக்கக் கூடும்.

கடைக்காரர் இரண்டு டப்பா கொண்டுவந்தார். "நீங்க கேட்டது இது. ஆனா இதைப் பாருங்க, 150 வாட், வெளிச்சம் ஜாஸ்தி. எண்டோஸ்கோப்பிக்குப் போறது. கால் அதே கால், கிண்ணம் அதே கிண்ணம். அப்படியே உக்காந்துக்கும்."

உட்காரும்தான். ஆபத்தே அதுதான். பொருந்தாத பல்பு யாரையும் ஏமாற்றாது; பொருந்திவிடுகிற தப்புப் பல்புதான் ஏமாற்றும். 15 வோல்ட் பல்பை 12 வோல்ட் கருவியில் போட்டால் சிவந்து மங்கலாக எரியும். கேட்ட வெளிச்சம் கிடைக்காது. 12 வோல்ட் பல்பை 15 வோல்ட் கருவியில் போட்டால் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் தந்து மூன்று, நாலு மணி நேரத்தில் போய்விடும், குவார்ட்ஸ் வெடிக்கவும் வாய்ப்புண்டு. வோல்ட் சரியாக இருந்து வாட் மட்டும் ஏறினால் டிரான்ஸ்ஃபார்மர் கொதிக்கும், சூடு ஃபேனின் தெம்பை மீறும். இறங்கினால் மட்டும் தீங்கில்லை: 100 வாட் இ.எஃப்.பி. கிடைக்காத நாளில் 75 வாட் இ.எஃப்.என். போட்டுச் சின்னத் திரையில் பார்க்கலாம். வோல்ட் அச்சாக அதே. வாட் அதே அல்லது குறைவு. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. கோடாக்ரோமை இருட்டில் வைத்தால் நிறம் பல பத்தாண்டுகளுக்கு அப்படியே நிற்கும். மாமாவின் ரீல்களில் பாட்டியின் அரக்குப் புடவை இன்றும் அரக்கு. ஆனால் புரொஜெக்டர் வெளிச்சத்தில் வெளுப்பதில் அது மற்ற ஃபிலிம்களைவிடச் சீக்கிரம். வெளிச்சம் ஏற ஏற நிறம் கரையும். அறையை இருட்டாக்குங்கள், திரையை அருகில் கொண்டுவாருங்கள், பல்பைப் பெரிதாக்காதீர்கள்.

எல்.இ.டி. போடலாமே என்று அந்தக் கடையிலேயே ஓர் இளைஞர் கேட்டார். நல்ல கேள்வி. குளிர்ச்சி, நீண்ட ஆயுள், சிக்கினாலும் ஃபிலிம் கருகும் பயம் மிகக் குறைவு. ரீலைக் கணினிக்கு மாற்றுகிறவர்கள் அதைத்தான் பயன்படுத்த வேண்டும், நானும் அதற்காக ஒருவரிடம் ரீல்களைக் கொடுக்கப் போகிறேன். ஆனால் பல்பைக் கழற்றிய குழிக்குள் எல்.இ.டி.யைச் செருகினால் வேலை முடியாது. அங்கே வருவது மாறுமின்னோட்டம். டங்ஸ்டன் இழை சூட்டைப் பிடித்துக்கொண்டு சீராக எரியும், எல்.இ.டி. நொடிக்கு நூறு தடவை அணைந்து எரியும். புரொஜெக்டரின் மறைதகடோ பெரும்பாலும் நொடிக்கு 54 தடவை வெளிச்சத்தை வெட்டுகிறது. இரண்டும் ஒன்றோடொன்று மோதித் திரையில் அலையடிக்கும். சீரான நேர்மின்னோட்டம் கொடுத்து, குவிக்கும் லென்ஸும் வைத்துச் செய்யத் தெரிந்தவர் செய்யலாம். அப்படியும் அம்மாவுக்கு நான் ஹாலஜன்தான் போடுவேன். அந்த ஃபிலிமின் நிறங்கள் டங்ஸ்டன் வெளிச்சத்தில் பார்ப்பதற்காகச் சமன்செய்தவை. நீலம் ஓடிய வெள்ளையில் மஞ்சள் பூசிய முகம் சோகை பிடித்ததுபோலத் தெரிகிறது.

இரண்டு இ.எஃப்.பி. வாங்கினேன். கடைக்காரர் மீட்டரின் முனைகளைக் கால்களில் வைத்துப் "பீப்" என்று கேட்கவைத்தார். மருத்துவமனைகளும் எல்.இ.டி.க்கு மாறிக்கொண்டிருப்பதால் இந்தச் சரக்கு இனிமேல் குறையும் என்றார். டப்பாவிலிருந்து எடுக்கும்போது அவர் காட்டிய மரியாதையை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்: குப்பியில் விரல் படவே கூடாது. விரல் ஈரத்தில் உப்பு இருக்கிறது. அந்தச் சோடியம் கொதிக்கும் குவார்ட்ஸில் ஊறி அதைப் பால்வெள்ளையாக்கிப் பலவீனப்படுத்தும். பழைய பல்பில் நான் பார்த்த வெளுப்பு யாருடைய விரல் என்று எனக்குச் சந்தேகம் இல்லை. அன்று மாட்டியது நான்தான், வயது பதினான்கு. இந்தத் தடவை மெல்லிய காகிதத்தால் விளிம்பைப் பிடித்து, இரண்டு கால்களும் அடிவரை இறங்கும்படி அழுத்தினேன். பழைய ஹோல்டரின் உள்முகம் கறுத்திருந்தால் பல்பு எவ்வளவு புதிதாக இருந்தும் பயனில்லை. எட்டு ஆம்பியர் போகிற இடத்தில் தளர்ந்த தொடுப்பு தானே ஒரு அடுப்பாகிவிடும். எங்களுடையதைச் சுரண்டித் துடைக்கவேண்டி இருந்தது.

முதலில் பாட்டியை ஓட்டவில்லை. ஒரு ரீலின் தலையில் இருந்த வெற்று நாடாவை வெட்டி, அதை மட்டும் மூன்று தடவை ஓடவிட்டேன். சிக்கவில்லை. திரையில் வெளிச்சம் மூலைக்கு மூலை சமமாக விழுந்தது. திருகு 240-ல் இருந்தது.

பிறகு அறையை இருட்டாக்கி ஏழாவது ரீலைப் போட்டேன். ஃபேன் இரைந்தது. தூசி சூடாகும் அந்தப் பழைய வாசனை வந்தது. முற்றம், வடகம், காக்கை விரட்டும் கை. பாட்டி திரும்பி, கேமராவைப் பார்த்து, முந்தானையை எடுத்து வாயை மூடினாள். அவள் நெற்றியில் அந்தக் கிழிசல் நொடியில் பதினெட்டில் ஒரு பங்கு நேரம் பளிச்சிட்டுப் போயிற்று. மறுபடி ஒட்டிய இடத்தில் கருவி லேசாக ஒரு தட்டுத் தட்டி, நிற்காமல் நகர்ந்தது. அம்மா பாயில் உட்கார்ந்தபடியே தன் நெற்றியைத் தொட்டாள்.

ரீல் முடிந்து வால் படபடவென்று அடித்துக்கொண்டது. பல்பை அணைத்துவிட்டுக் கருவியை ஓரமாக நகர்த்தப் போனேன்.

"ஆட்டாதே" என்றாள் அம்மா. "சூடா இருக்கும்போது கம்பி இளகியிருக்கும். மாமா சொல்லுவான். ஆறட்டும்."

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அட்டைப்பெட்டியின் மூடியில், 1978-ல் மாமா பேனாவில் கோடு போட்டு வைத்திருந்த, பல்பு எரிந்த நேரக் கணக்குக்குக் கீழே, 3 நிமிடம் 20 நொடி என்று எழுதினேன். உபரிப் பல்பை அதே பெட்டியில் வைத்து, பழசையும் அதன் பக்கத்தில் வைத்து, அம்மாவிடம் கொடுத்தேன். அவள் அதைப் பட்டுப்புடவைகளுக்கு அடியில் செருகினாள்.